பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் போன மின்சாரம்

1

தில்லிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருஷம் ஆகிறது. நான் அவ்வப்போது எழுதி அனுப்பும் குறிப்புகளைப் படித்துவிட்டு, கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டர் நடத்தும் என் தம்பி போனில் சிரிக்கிறான்.

“என்னக்கா, கப்பலேறிப் போனவ மாதிரி எழுதுத? ஒங்கிட்ட யாரு பாஸ்போர்ட் கேட்டா? நம்ம நாட்டுக்குள்ளதான இருக்க?”

யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லைதான். ஆனால் கேஸ் இணைப்பு மாற்றப் போன இடத்திலும், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன இடத்திலும், ரேஷன் கார்டில் என் பெயரைத் திருத்தப் போன இடத்திலும் நான் வாயைத் திறந்ததுமே எதிரே இருப்பவரின் முகம் மாறியது. “மத்ராஸ் ஸே?”, மதராஸிலிருந்தா, என்பார்கள். எங்கள் ஊருக்கும் மதராஸுக்கும் நடுவே ஓர் இரவு முழுக்க ரயில் ஓட வேண்டும் என்று ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது தலையாட்டிவிடுகிறேன். ஆட்டுகிற ஒவ்வொரு தடவையும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சின்ன வயதில் எங்கள் தெருவில் கம்பி தாழத் தொங்கியபோது அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போனாள். “பிள்ளைய விளையாடுத எடத்துல கம்பி தொங்குது, நீரு உக்காந்து டீயா குடிக்கீரு?” என்று கேட்டாள். அங்கிருந்த அதிகாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. நான் இயற்பியலில் முதுகலை. ஆனால் இந்த ஊர் அலுவலகங்களில் எனக்கு வருகிற கோபம் பாதி வழியிலேயே நின்றுவிடும். இந்தியில் நான் சொல்ல வந்த சொல் ஆண்பாலா பெண்பாலா என்று யோசித்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

இந்தக் கோடையில் நடந்ததை எழுதாமல் வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

2

நான் வேலை பார்ப்பது ஓர் அரசு ஆய்வகம். கடிகாரங்களும் டைமர்களும் சரியான நேரம் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவு. கணவர் சண்முகம் ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். கிட்வாய் நகரில் முதல் மாடியில் நாங்கள் இருக்கும் குவார்ட்டர்ஸ் அவர் பெயரில் ஒதுக்கப்பட்டது. மகள் நித்யா பத்தாம் வகுப்பு. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஆய்வகம் கழித்துக் கட்டிய சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு பழைய 486 கம்ப்யூட்டரை எடுத்து வந்தேன். முறைப்படி எடுத்தேன், ரசீது இருக்கிறது. எனக்கென்று ஒரு வெப்சைட்டை என் வீட்டு அலமாரியிலிருந்தே நடத்த வேண்டும் என்று ஆசை. இலவசமாக இடம் கொடுப்பவர்கள் பக்கத்துக்கு மேலே விளம்பரத்தை ஒட்டிவிடுகிறார்கள். என் வீட்டுச் சுவரில் அடுத்தவர் போஸ்டர் ஒட்டுவதுபோல இருந்தது அது.

முதலில் எல்லோரும் போடுகிற இயங்குதளத்தைப் போட்டுப் பார்த்தேன். தில்லிக் கோடையில் மின்சாரம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் அது எழுந்து, டிஸ்க்கைப் பரிசோதித்து, ஏதாவது ஒரு கோப்பைத் தொலைத்துவிட்டு வரும். அதனால் ஒரு ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறினேன். தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கும் என்று செய்யப்பட்ட வகை. வெப் சர்வரும் சேர்ந்து ஒரே பிளாப்பியில் அடங்கிவிட்டது. மற்ற இயங்குதளங்கள் கொடுத்த வேலையை முடிந்தபோது முடிக்கும். இதற்கோ ஒவ்வொரு வேலைக்கும் கெடு உண்டு. கெடு தாண்டி வரும் விடை எவ்வளவு சரியாக இருந்தாலும் அதன் கணக்கில் தவறுதான். என் தொழிலுக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. “ஒரு வெப்சைட்டுக்கா இதைப் போட்டீங்க?” என்று ஆய்வகத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

மாடிக்கு மாடி ஒயர் இழுத்து இன்டர்நெட் கொடுக்கும் கேபிள்காரரிடம் நிலையான முகவரி ஒன்று கேட்டேன். ஒரு படிவம் கொடுத்தார். ‘எதற்காக’ என்ற இடத்தில் ‘சொந்த உபயோகம்’ என்று எழுதினேன்.

“மேடம், சொந்த உபயோகம்னா இன்டர்நெட்ல போய்ப் பாக்கறது. நீங்க மத்தவங்களுக்குக் காட்டறேன்னு சொல்றீங்களே” என்றார்.

“என் வீட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறதும் சொந்த உபயோகம்தானே, அண்ணா?”

இரண்டு மாதம் இழுத்துவிட்டுக் கொடுத்தார்.

அதில் என் குறிப்புகளையும் சில படங்களையும் போட்டேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து ஒவ்வொரு மாதிரி உடைந்து தெரிந்ததால் பக்கங்களைப் படமாகவே மாற்றிப் போட்டேன்.

“யாரும்மா இதைப் படிப்பாங்க?” என்றாள் நித்யா.

“மாமா படிக்கான்.”

“ஒரு ஆளுக்காகவா ஒரு சர்வர்?”

பக்கத்தின் அடியில் இன்னொன்றும் சேர்த்தேன். கம்ப்யூட்டரை ஒரு ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மின்சாரத்தில் செருகிய பழைய அடாப்டர் ஒன்றின் ஒயரை அதில் பிரின்டர் செருகும் துளையில் கொடுத்தேன். மின்சாரம் போன நொடியும் வந்த நொடியும் தானாகப் பதிவாகும். தினமும் காலையில் வானொலிச் செய்திக்கு முன் வரும் ‘பீப்’ ஒலியோடு அதன் கடிகாரத்தை ஒத்துப் பார்ப்பேன். யாருக்கும் பயன்படும் என்று நினைத்துச் செய்யவில்லை. நேரத்தை அளந்து பழகிய கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

3

கீழ் வீட்டில் சரளாஜி. அவர் கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலை இவருக்குக் கிடைத்தது. கூட இருப்பவர் மாமனார். காலனியில் எல்லோருக்கும் அவர் பாபுஜி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக நாடு முழுக்கப் போனவர். நான் கோவில்பட்டி என்று சொன்னதும், “கடலை மிட்டாய்” என்று தமிழிலேயே சொன்ன ஒரே தில்லிக்காரர். இரண்டு வருஷமாக நுரையீரல் சரியில்லை. மூக்கில் குழாயோடு, ஜன்னல் ஓரக் கட்டிலில் இருப்பார். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். அது மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போனால் திறப்பதற்குத் தனியாக ஒரு சிலிண்டரும் உண்டு.

ஜூன் மாதம், வார நாள். சரளாஜி, சண்முகம், நான் மூன்று பேரும் ஆபீசில் இருந்தோம். சரளாஜி வீட்டில் வேலை செய்யும் பெண் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டாள். அதன் பிறகு மின்சாரம் போயிருக்கிறது. சிலிண்டர் வால்வைத் திருக பாபுஜியின் கைக்குத் தெம்பில்லை. எவர்சில்வர் டம்ளரால் ஜன்னல் கம்பியைத் தட்டியிருக்கிறார்.

விடுமுறையில் மாடியில் தனியாக இருந்த நித்யா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். யாரோ என்னவோ என்று முதலில் விட்டிருக்கிறாள். நிற்காமல் கேட்கவே இறங்கி ஓடினாள். பாபுஜியின் உதடு நீலம் பூத்திருந்ததாம். வால்வைத் திறந்து, சரளாஜிக்கும் எனக்கும் போன் செய்தாள். நாங்கள் வந்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தார். பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேச முடியவில்லை.

4

சரளாஜி எங்கள் காலனியின் பராமரிப்பு அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினார். நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை. வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருக்கிறார், நிறுத்துவதென்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார்.

பதில் வந்தது. அன்றைய தேதியில் பராமரிப்புக்காகப் பத்து நிமிடம் மட்டுமே மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று பதிவேடு காட்டுகிறது. உங்கள் வீட்டு ஒயரிங்கைச் சரிபார்த்துக்கொள்ளவும்.

அந்தக் காகிதத்தோடு அவர் மாடியேறி வந்தார். என்னை அவர் தீதி, அக்கா, என்றுதான் கூப்பிடுவார். “தீதி, பத்து நிமிஷமாம். என் வீட்டு ஒயர்தான் கோளாறாம்” என்றார். அழவில்லை. அவர் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன். போனது பன்னிரண்டு நாற்பத்தொன்று, ஏழு நொடி. வந்தது மூன்று ஐம்பத்தாறு, இருபத்திரண்டு நொடி. மூன்றே கால் மணி நேரம்.

அதை அச்செடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவிடம் நான் விளக்கத் தொடங்கினேன். மின்சாரம் போனது என்பதற்கு “பிஜ்லீ சலா கயா” என்று ஆரம்பித்ததுமே அவர் கையை உயர்த்தினார்.

“மேடம், பிஜ்லீ சலீ கயீ. பிஜ்லீ பெண்பால்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மனிதர் மூச்சு முட்டிச் சாகக் கிடந்தார் என்று சொல்ல வந்த என்னை நிறுத்தி, அவர் மின்சாரத்தின் பாலைத் திருத்தினார். திருத்திய திருப்தியோடு காகிதத்தை வாங்கி ஒரு குண்டூசி குத்தி உள்ளே போட்டார்.

5

பதினைந்து நாளில் பதில் வந்தது, புகார் கொடுத்த சரளாஜிக்கு அல்ல, என் கணவர் பெயருக்கு. அனுமதி இல்லாமல் அரசு மின்சாரத்தில் அளக்கும் கருவியைப் பொருத்தியது, அரசுக் குடியிருப்பிலிருந்து இணையதளம் நடத்துவது ஆகியவற்றுக்காக உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கடிதத்தில் அந்த மூன்றே கால் மணி நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சண்முகம் அதை மூன்று தடவை படித்தார். “அதைக் கழட்டி வச்சிரு வசந்தா” என்றார்.

“என்னங்க, தப்பு யாரு பேர்ல?”

“தப்பு யாரு பேர்லன்னு கேக்கல. வீடு யாரு பேர்லன்னு பாரு.”

நேரில் வரச் சொல்லியிருந்த நாளில் அவர் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தார். என் இந்தியை நம்பி நான் தனியாகப் போகத் துணியவில்லை. நித்யாவைப் பள்ளிக்கு லீவு போட வைத்துக் கூட்டிப் போனேன்.

அதிகாரி வயதானவர். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். ஏல ரசீதைக் காட்டினேன். இயந்திரத்தை விளக்கினேன். ரியல் டைம் என்ற வார்த்தையில் அவர் நிறுத்தினார்.

“ரியல் டைம்னா? எங்க ரிஜிஸ்டர்ல இருக்கறது பொய் டைமா?”

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ‘ஆமாம்’ என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் நித்யா பேசத் தொடங்கிவிட்டாள். தண்ணீர்போல ஓடும் இந்தி.

“அங்கிள், கோபப்படாதீங்க. மம்மி ரொம்ப சீதி. சவுத்லேருந்து வந்தவங்க, இங்க எது எப்படின்னு அவங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டரை வெச்சு சும்மா விளையாடுவாங்க, அவ்ளோதான்.”

சீதி என்றால் சூதுவாது தெரியாதவள். அவள் சொன்ன விதத்தில் அதற்கு விவரமில்லாதவள் என்றுதான் பொருள். அதிகாரி சிரித்துவிட்டார். அறையே இளகியது. டீ வந்தது. நித்யாவின் இந்தியைப் பாராட்டி, “நீ மதராஸி மாதிரியே இல்லையே” என்றார். அவளும் சிரித்தாள்.

பிறகு ஒரு தாளில் இரண்டு வரி எழுதச் சொல்லி என் பக்கம் தள்ளினார். இது பொழுதுபோக்குக்காகச் செய்த இயந்திரம், இது காட்டும் நேரம் நம்பத்தக்கதல்ல என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கோப்பை அன்றே மூடிவிடுவார்.

நேரம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குத்தான் பதினாறு வருஷமாக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. “நாளைக்குக் கொண்டுவரேன்” என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

பஸ்ஸில் நித்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் சைன் பண்ணல? எல்லாம் ஓகே ஆயிருந்துச்சு.”

“என்னைய வெவரங்கெட்டவள்னு சொன்னியே, அதுவா ஓகே?”

“அப்படிச் சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும். நீ ஜெயிக்கணும்னு பாக்கற. நான் வீட்டுக்குப் போனாப் போதும்னு பாத்தேன். எனக்கு போர்டு எக்ஸாம் வருஷம்மா. வீட்டைக் காலி பண்ணுன்னா எங்க போறது? முனிர்காவுல ஒத்த ரூமுக்கா?”

“அந்த டம்ளர் சத்தத்தக் கேட்டவ நீதானட்டி” என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் இன்னும் தள்ளி உட்கார்ந்தாள்.

6

சரளாஜியிடம் நடந்ததைச் சொன்னேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நிறுத்தாமல் கேட்டார்.

“போட்டுடுங்க தீதி. உங்க வீட்டு விஷயம். பாபுஜி உயிரோட இருக்கார், எனக்கு அது போதும்.”

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் ஒருவேளை கையெழுத்துப் போட்டிருப்பேன். உள்ளேயிருந்து மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தத் தாளை மேலே எடுத்து வந்து கிழித்துப்போட்டேன்.

மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கருவி எப்படி வேலை செய்கிறது, கடிகாரத்தை எதனோடு எப்படி ஒத்துப் பார்க்கிறேன், என்ன தொழில் செய்கிறேன், எல்லாவற்றையும் எழுதி, நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் ஆளை உங்கள் கருவியோடு அனுப்பி ஒரு வாரம் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள் என்று முடித்தேன். ஊரிலிருந்து திரும்பிய சண்முகத்திடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் டிபன் பாக்ஸை எடுக்காமலேயே ஆபீசுக்குப் போனார்.

ஆள் அனுப்ப மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அனுப்பினார்கள். தேவேந்தர் என்று ஓர் இளநிலைப் பொறியாளர், என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தன் பதிவுக் கருவியை வைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் நாலு தடவை மின்சாரம் போனது. எட்டாம் நாள் வந்து இரண்டையும் ஒப்பிட்டார். எந்த இடத்திலும் ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் இல்லை.

“மேடம், உங்க மெஷின் சரி” என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். “லோடு தாங்கல. பகல்ல பிளாக் பிளாக்கா மாத்தி மாத்தி நிறுத்தறோம். புஸ்தகத்தில எழுதினா மேலேருந்து கேள்வி வரும். அதனால பத்து நிமிஷம்னு எழுதறது.”

“கீழ இருக்கற பெரியவர் செத்திருந்தாலும் பத்து நிமிஷம்தானா?”

அவர் தன் கருவியை எடுத்துப் பைக்குள் வைத்தார். போகும்போது கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, தன் சொந்த போன் நம்பரைச் சரளாஜியிடம் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் பிளாக்கை நிறுத்துவதற்கு அரை மணி முன்னால் சரளாஜிக்கு போன் வந்துவிடுகிறது. இந்த விவகாரத்தில் ஒரு மனிதர் மனிதராக நடந்துகொண்டது அந்த ஒன்றுதான். அதையும் அவர் யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

7

ஆகஸ்ட் கடைசியில் இறுதிக் கடிதம் வந்தது. இந்தியில் இருந்ததால் நித்யாதான் படித்தாள். நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது என்ற இடத்தில் சண்முகம் கண்ணை மூடித் திறந்தார். அவள் மேலே படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள்.

“என்ன போட்டிருக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. அவ்ளோதான்.”

“படி.”

படித்தாள். ஊழியரின் மனைவி தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், இவ்விடத்து நடைமுறைகளை அறியாதவர் என்று அவருடைய மகளே தெரிவித்திருப்பதைக் கருத்தில் கொண்டு, இரக்கத்தின் அடிப்படையில் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது. மின்சாரம் நின்ற நேரம் பற்றியும் தேவேந்தரின் சோதனை பற்றியும் எதுவும் இல்லை.

இரக்கமாம். நொடி பிசகாமல் அளந்து கொடுத்ததை ஒதுக்கிவிட்டு, அறியாதவள் என்று என்னை மன்னித்திருக்கிறார்கள். எதிர்த்து எழுதுவேன் என்று காகிதத்தை எடுத்தேன். சண்முகம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “முடிஞ்சது வசந்தா. விட்டுரு. உனக்குப் புண்ணியமாப் போகும்.” அவர் பிடியைத் தளர்த்தவில்லை, நான் விட்டுவிட்டேன். விட்டது இன்னமும் உறுத்துகிறது. நித்யா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து அவள் பள்ளியிலிருந்து வர நேரமாகிவிட்டது. வாசலிலேயே நின்றிருந்தேன். வந்தவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய கையெழுத்தில் இந்தி. கீழே அந்த அலுவலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப், பெற்றுக்கொண்ட தேதி.

“என்னட்டி இது?”

அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். என் அம்மா அறியாதவர் என்று நான் சொன்னது தவறு. வீடு போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னேன். அவர் கருவி காட்டிய நேரம் சரியானது. அன்று மின்சாரம் போனபோது நான் வீட்டில் இருந்தேன், பாபுஜிக்கு சிலிண்டரைத் திறந்துவிட்டவளும் நான்தான். என் வாக்கியத்தைக் கோப்பிலிருந்து நீக்கி, இந்தக் கடிதத்தை அதில் சேர்க்கவும்.

“சின்னப் பொண்ணு கொடுக்கறதுக்கெல்லாம் ஸ்டாம்ப் கிடையாதுன்னான் அந்த கிளர்க். ஸ்டாம்ப் வெக்கற வரைக்கும் போக மாட்டேன்னு பெஞ்சில உக்காந்துட்டேன். லஞ்ச் முடிஞ்சு வந்து குத்தினான்.”

அன்று மாலை சண்முகத்திடம் தாளைக் காட்டினோம். படிக்கப் படிக்க அவர் முகம் வெளிறியது. ஸ்டாம்ப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “காப்பி எடுத்தியாம்மா?” என்று அவளிடம் கேட்டார்.

“ரெண்டு எடுத்தேன்பா.”

ஒன்றை வாங்கி, வீட்டு ஒதுக்கீட்டுக் காகிதங்கள் இருக்கும் பையில் தானே வைத்தார்.

மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. பள்ளி விட்டதும் நித்யா முதலில் தபால் பெட்டியைத்தான் பார்க்கிறாள். ஒவ்வொரு நாளும் அதன் மூடியை இன்னும் கொஞ்சம் பலமாக அடித்துச் சாத்துகிறாள். நேற்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, “நாளைக்கு நானே போய்க் கேக்கேன்” என்றாள்.

“நானும் வரட்டுமா?”

“நீ ஆபீசுக்குப் போம்மா” என்றாள். “இது என் லெட்டர்.”